இருபது அடியில் கல்

போன வாரம் விழுப்புரத்தில் பஸ் ஏறி சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் வண்டி நகராமல் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு நீள லாரி. அதன்மேல் ஒரே ஒரு கருங்கல் பாளம், நாலு பக்கமும் அறுத்து, வெள்ளை பெயின்ட்டில் நம்பர் போட்டு, சங்கிலியால் கட்டிக் கிடந்தது. பக்கத்து சீட்டுக்காரர் அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். உங்களுக்கென்ன, நிலக்கடலை வாசனை வந்தால் நாக்கு ஊறும். எனக்கு அந்தக் கல்லும் இந்த வாசனையும் சேர்ந்து வந்தால் என் முதல் வேலை ஞாபகத்துக்கு வரும்.

நான் படித்தது புவி இயற்பியல். அந்தக் காலத்தில் அதைச் சொன்னால், “பூகம்பம் எப்ப வரும்னு சொல்லுவியா?” என்று கேட்பார்கள். முதல் வேலை ஒரு தனியார் கம்பெனியில். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு முதல் எம்.எஸ்சி. வரை ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையெல்லாம் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பாதியில் ஓடிவிடக் கூடாதாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, எனக்கு மார்க் ஷீட்.

வேலை என்னவென்றால், ஒலக்கூர் பக்கம் மண்ணுக்கடியில் கருங்கல் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது. சுற்றியிருக்கும் பாறையைவிட அந்தக் கல் கனம். அதனால் அதன்மேல் புவியீர்ப்பு மயிரிழையளவு கூடும். இரும்புச் சத்தும் அதில் உண்டு, காந்தப் புலமும் மாறும். தோண்டாமலே மேலே நடந்து அளந்துவிடலாம். ஆனால், “கல் பார்க்க வந்தோம்” என்றால் யார் நிலத்துக்குள் விடுவார்கள்? அதற்கென்று கம்பெனியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் கேட்டாலும் “தண்ணி பாக்குறோம்” என்று சொல்லிவிட வேண்டும். நானும் சொன்னேன், நாக்கு கூசவில்லை.

எங்களை உள்ளே விட்டவர் அஞ்சலை அக்கா. புருஷன் இறந்துபோய், இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பு நுனியில் மாட்டிய காந்தமானியைப் பிடிப்பவன் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. சாவி, செல்போன், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு நடக்க வேண்டும். அப்போது நான் ஒல்லிக்குச்சி. முதல் நாளே அக்கா பிடித்துக்கொண்டார்.

“இன்னா தம்பி, ஒரு கையில கம்பு, ஒரு கையில பேன்ட்ட புடிச்சிக்கினு போறீங்க?”

காரணத்தைச் சொன்னேன். போய் ஒரு பழைய புடவைக் கரையைக் கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தார். வேலை முடியும்வரை அதுதான் என் பெல்ட்.

ஈர்ப்புமானிக்கு வேறொரு வியாதி. உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் நேரம் ஆக ஆகத் தளர்ந்து, எண் தானாக நகரும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து அளந்து, எவ்வளவு நகர்ந்தது என்று கழித்துக்கொள்ள வேண்டும். நான் கிளம்பின இடம், மோட்டார் இல்லாமல் சும்மா கிடந்த அக்காவின் மோட்டார் கொட்டாய்ப் படி. காலையிலிருந்து சாயங்காலம்வரை செக்குமாடு மாதிரி அங்கேயே வந்து வந்து நிற்பேன். வெயிலில் அந்தப் படியில் குனிந்து எண்ணைப் படிக்கும்போதெல்லாம், இதிலிருந்து நமக்கு விடுதலையே இல்லையோ என்று தோன்றும். பக்கத்தில் அக்கா கொண்டுவந்து வைத்த ஒரு சொம்பு கேப்பங்கூழ் இருக்கும்.

“தண்ணி கீதா தம்பி?”

“பாத்துக்கினு இருக்கோம்க்கா.”

கல்லூரியில் பொட்டன்ஷியல் தியரி என்று ஒரு பாடம் நடத்தினார்கள். அதில் எனக்கு விளங்கிய ஒரே விஷயம் இது: மேலே அளந்த எண்ணை வைத்துக்கொண்டு கீழே இருப்பது இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆழத்தில் திரண்டு கிடக்கும் கல்லும், மேலாகப் பரந்து கிடக்கும் கல்லும் மேலே ஒரே வளைகோட்டைத் தரலாம். எனக்கு வந்ததும் அப்படிப்பட்ட கோடுதான். ஆழத்தில் என்றால் யாரும் சீண்ட மாட்டார்கள். மேலாக என்றால் குவாரி. நான் இரண்டு படமும் வரைந்து வைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு கல்லூரியிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. திங்கட்கிழமை, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளுடன். மேனேஜரிடம் போய் நின்றேன்.

“ரெண்டு படத்த வெச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது? ஒண்ணக் குடு. கையெழுத்தப் போடு. சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போய்க்கினே இரு.”

கணக்கால் தீராததைத் தீர்க்க வெளியிலிருந்து ஒரு தகவல் போதும். மறுநாள் கூழைக் குடித்துக்கொண்டே, சும்மா ஊர்க்கதை பேசுகிறவன் மாதிரி கேட்டேன். “ஏன்க்கா, இங்க கெணறு வெட்டிப் பாத்தீங்களா?”

“ரெண்டு எடத்துல வெட்டினோம் தம்பி. இந்தாண்டயும் இருவது அடி, அந்தாண்டயும் இருவது அடி. கருங்கல்லு வந்துடுச்சி. மூடிட்டோம்.”

அன்று சாயங்காலம் ஆழத்துப் படத்தைக் கிழித்துப் போட்டேன். மற்றதன் கீழே கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போனேன், வேலையும் கிடைத்தது. இன்றுவரை அதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். ‘ஒரே விடை கிடையாது’ என்று போர்டில் எழுதும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க மாட்டேன். வெட்கமாக இருக்கும்.

போன வாரம் நான் சென்னைக்குப் போய்ச் சேரவில்லை. ஒலக்கூரில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். டீக்கடையில் விசாரித்ததில், அக்கா ஊரோரமாக ஒரு ஷீட் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அக்காவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

“சுத்தி எல்லா பக்கமும் குவாரிக்காரங்க வாங்கிட்டாங்க தம்பி. வண்டி போற வழிய அடச்சிட்டாங்க. வெடி வெச்சா கொல்லையெல்லாம் கல்லு. நான் ஒருத்தி நடுவுல குந்திக்கினு இன்னா பண்றது? எழுதிக் குடுத்துட்டேன்.”

இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். “அக்கா, நாங்க அப்ப தண்ணி பாக்க வரல.”

“தெரியுமே.”

“எப்ப தெரியும்?”

“அப்பவே. தண்ணி பாக்கறவன் உள்ளங்கையில தேங்காய வெச்சிக்கினு நடப்பான். இல்லன்னா வேப்பங்குச்சி. நீங்க வரப்புல கெடந்த கருங்கல்லயே பொறுக்கிப் பொறுக்கிப் பாத்துக்கினு இருந்தீங்க.”

“அப்புறம் ஏன்க்கா இருவதுன்னு சொன்னீங்க? அறுவதுன்னு சொல்லியிருந்தா கொல்லை தப்பிச்சிருக்கும்.”

அக்கா குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? அறுவதுன்னு சொல்லுக்கான்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருக்கலாமே தம்பி.”

எழுந்து குவாரி வேலி வரைக்கும் நடந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் கொல்லை இல்லை, கொட்டாய் இல்லை, கொட்டாய்க்குப் போன ஒற்றையடிப் பாதை இல்லை. நான் அத்தனை தரம் குனிந்து நின்ற இடம் இப்போது அந்தரத்தில் இருக்கிறது. அதற்கு வெகு கீழே, லாரிகள் போய் வந்துகொண்டிருந்தன.