கேஸ் இருக்கிறது என்று சொல்லி கேஸைத் தீர்த்த கதை

எங்கள் கேஸ் கம்பெனி மேனேஜர் சிவலிங்கம் காலையில் பேப்பர் படித்துவிட்டு வந்தால் அன்றைக்கு எங்களுக்கு வேலை கூடும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அப்படித்தான் பேப்பரும் கையுமாக வந்தார்.

“ஐரோப்பாக்காரன் சண்டை போட்டுக்கிட்டு இருக்கான்யா. கேஸ் ரொம்ப தூரத்துலேர்ந்து கொழாயில வருதாம். ஒருத்தன் வால்வ மூடுனா ஒரு நாடே குளிருல நடுங்குமாம். அதான் ரெண்டாவது வழி பாக்குறான், பூமிக்கடியில சேத்து வைக்கிறான். நம்மகிட்ட என்ன பிளான் இருக்கு?”

எங்களிடம் இருந்தது ஒரு லாரி, ஒரு ரோடு, ராமையா அண்ணன். தெற்கே ஏற்றும் கேஸ் தோங்குகளைத் தஞ்சோங் மாலிம், தாப்பா வழியாக ஈப்போவுக்குக் கொண்டு வருபவர் அவர்தான். சிலிண்டருக்கு எங்கள் ஊரில் தோங் என்றுதான் பேர்.

“அந்த ரோடு அடைச்சிக்கிட்டா வேற வழி எது, ராமையா?”

“தாப்பாவுலேர்ந்து கேமரன் மலைக்கு ஏறலாம் சார்.”

“ஏறி?”

“ஏறுன வழியாவே எறங்கணும்லா.”

திட்டக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

என் வேலை சேல்ஸ்மேன். ரப்பர் மர விறகு எரித்துக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கடைகளைப் பேசிப் பேசி கேஸ் அடுப்புக்கு மாற்றுவேன். எனக்குத் தெரிந்தது பேச்சு மட்டும்தான். தோங் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நான் மாற்றியதிலேயே பெரிய ஆள் ஈப்போவின் சிலிபின் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காதர் பாய். என் பேச்சைக் கேட்டு, பின்கட்டில் இருந்த பெரிய விறகடுப்பை இடித்தே போட்டார்.

ரோடு மூடிய வாரம்

அந்த வருஷ மழையில் தஞ்சோங் மாலிம் பக்கம் வெள்ளம் ஏறி ரோட்டை மூடினார்கள். ராமையா அண்ணன் லாரியோடு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். எங்கள் ஸ்டோரில் இருந்த தோங்குகள், எல்லாரும் வழக்கம்போல வாங்கினால், ரோடு திறக்கும் வரை தாங்கும். சிவலிங்கம் அதோடு விட்டிருக்கலாம்.

“மணியம், நீ ஒவ்வொரு கடையா போ. கேஸ் இருக்கு, கவலப்படாதீங்கன்னு சொல்லிட்டு வா. மொகத்துல சிரிப்பு இருக்கணும்.”

தேய்த்த சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு போனேன். முதல் கடை தோசைக்கடை பாக்கியம் அக்காவுடையது.

“கேஸ் நெறைய இருக்குக்கா. கவலப்படாதீங்க.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். “நான் எப்ப கவலப்பட்டேன்?”

“இல்லக்கா, சும்மா சொல்லிட்டுப் போலாம்னு.”

“இத்தன வருஷத்துல நீ சும்மா வந்ததே இல்லியே, தம்பி. சட்டைய வேற உள்ள விட்டிருக்க. ரெண்டு தோங் அனுப்பு.”

அடுத்த கடையில் மூன்று கேட்டார்கள். கேஸ் இருக்கிறது என்று நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ அவ்வளவு வேகமாக ஆர்டர் வந்தது. சாயங்காலம் ஸ்டோருக்குத் திரும்பினால் காலித் தோங்குகள்தான் வரிசையாக நின்றன.

என் பேச்சை நம்பியவர் ஒரே ஒருவர், காதர் பாய். “நீ இருக்குன்னா இருக்கும்லா” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள்தான் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணத்துக்குத் தோங் எப்போது வரும் என்று. பிரியாணிக்குச் சிலிபினில் பாதிப் பேரை அழைத்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

“வெறகுல ஆக்கலாம்னா எல்லாக் கட்டையும் நனஞ்சு கெடக்கு. அடுப்பையும் ஒடச்சாச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரவுங்களுக்கு நான் என்ன வைப்பேன், மணியம்?”

பூச்சாடி வைத்த ஸ்டூல்

நேராகப் பாக்கியம் அக்கா கடைக்குப் போனேன். பின்னறையில் பூப்போட்ட துணி மூடிய உருண்டையான ஒன்று நின்றது. மேலே பூச்சாடி.

“இது என்னாக்கா?”

“ஸ்டூலு.”

“உள்ள வால்வு இருக்கே.”

“என் ஸ்டூலு அப்படித்தான் இருக்கும். ஒனக்கு என்னா வேணும்?”

ஒரு தோங் கடன் கேட்டேன். லாரி வந்தால் பார்க்கலாம் என்றார். கெஞ்சியும் பார்த்தேன். இத்தனை நாள் சோறு போட்ட பேச்சு அன்றைக்கு என்னைக் கைவிட்டது. வாசலுக்கு வந்த பிறகு, வேறு ஒன்றும் தோன்றாமல் கேட்டேன்.

“பாய் வீட்டுக் கல்யாணத்துக்குப் போறீங்களாக்கா?”

“போகாம? அந்தப் பிரியாணிக்காக மொத நாளே நான் வயித்தக் காயப் போடுவேன்.”

“பிரியாணி இல்லக்கா. அடுப்பெரிக்க கேஸ் இல்ல. ரொட்டியும் சர்பத்தும்தான்.”

அக்கா பின்னறைக்குப் போய்ப் பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தார்.

அதற்கப்புறம் நான் ஒரு கடைக்கும் போகவில்லை. போக அவசியமும் இல்லை, பிரியாணி இல்லை என்ற செய்தியை அக்காவே எல்லாக் கடைக்கும் கொண்டுபோயிருந்தார். ஞாயிறு காலை சைக்கிள் கேரியரில் ஒரு தோங் வந்தது. குழந்தை வண்டியில் ஒன்று, மாப்பிள்ளைக்கென்று அலங்கரித்த காரின் பின்னால் இரண்டு. எங்கள் ஸ்டோரில் இல்லாத கேஸ் காதர் பாயின் பின்கட்டில் இருந்தது. பாக்கியம் அக்கா தன் தோங்கில் சிவப்பு ரிப்பன் கட்டி, பட்டுச்சேலையோடு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என் தோங்குல மட்டும் தீயக் கொஞ்சம் கொறச்சு வைங்க” என்று சமையல் பண்டாரியிடம் அடிக்கடி சொன்னார்.

பிரியாணி நன்றாக வந்தது. எனக்கு இரண்டு தட்டு கிடைத்தது. இரண்டாவது தட்டை வைத்தவர் காதர் பாய்.

மறுநாள் ரோடு திறந்து ராமையா அண்ணன் முழு லாரியோடு வந்து சேர்ந்தார். வாங்க ஆளில்லை. எல்லார் வீட்டிலும்தான் ‘ஸ்டூல்’ இருக்கிறதே. ஸ்டோர் நிரம்பி வழிய, சிவலிங்கம் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“மணியம், மறுபடியும் ஒரு ரவுண்டு போ. கவலப்படாதீங்கன்னு சொல்லிட்டு வா.”

சப்ளை வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேஸ் குழாயில் வந்தாலும் லாரியில் வந்தாலும், கையிருப்பு ஊர்க்காரர்களின் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க, கூடிச் சாப்பிட ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. மழை விட்டதும் காதர் பாய் பின்கட்டில் விறகடுப்பைத் திரும்பக் கட்டினார். இடிக்கச் சொன்னவன் என்ற முறையில் செங்கல் எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த நேரம் பார்த்து சிவலிங்கம் டீ குடிக்க வந்து நின்றார்.

“என்னய்யா இது, நம்ம கம்பெனி சட்டையோட?”

நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாய் பதில் சொன்னார். “ரெண்டாவது வழி வேணும்னு கேட்டீங்களாமே சார். கட்டிக்கிட்டு இருக்கோம்லா.”