செல்வி வீட்டுத் தகட்டு மறைப்பு

நேற்று சிவகாசி சாலையில் எங்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு லாரி போனது. கட்டுக்கட்டாக அலுமினியத் தகடுகள். ஆஃப்செட் அச்சில் ஓடி முடித்தவை, உருக்குவதற்குப் போகின்றன. வெயில் பட்டுக் கண் கூசியது. எனக்கு ஆமத்தூரில் செல்வி வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நானும் அவளும் ஒரே அச்சகத்தில் பைண்டிங் வேலை. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை தலைக்குக் குளித்தாலும் போகாது. குளிக்க மறைவான இடம் வேண்டுமே, அதுதான் பாடு. எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன் குளித்தாக வேண்டும். செல்வி மூத்த முதலாளியிடம் பழைய தகடு கேட்டாள். "எடுத்துட்டுப் போம்மா" என்றார். நாலு கருவேலங்கம்பு நட்டு, தகடுகளை ஆணியடித்து மறைப்புக் கட்டினாள். எல்லாம் காலண்டர் தகடுகள். பச்சை நிற லட்சுமியும் முருகனும். படத்தை வெளிப்பக்கமாக வைத்திருந்தாள்.

"சாமி பாக்க எப்பிடிக்கா குளிக்க?" என்றாள் என்னிடம்.

நானே ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் அதன் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகு முதலாளிகள், அண்ணனும் தம்பியும், பங்கு பிரித்தார்கள். பழைய தகடெல்லாம் தம்பிக்கு. வேலையாட்கள் கொண்டுபோனதும் அதில் சேர்த்தி என்றார் அவர். அச்சக மேனேஜர் லோடு ஆட்டோவோடு எங்கள் தெருவுக்கு வந்தார். செல்வியின் மகள் சடங்காகி வீட்டுக்குள் ஒதுங்கி உட்கார்ந்திருந்த நேரம். மறுநாள் தலைக்கு ஊற்ற வேண்டும்.

"பெரிய மொதலாளி குடுத்தது சார். அவுககிட்டயே கேளுங்க."

"கேட்டாச்சும்மா. அவரு வாயத் தொறக்கல."

"நாளைக்கு ஒருநாள் விடுங்க. புள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டு நானே களட்டித் தாரேன்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. "இன்னைக்கே எடை போடணுங்காக. நான் என்னம்மா செய்ய?" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீயும் அங்கனதான வேலை பாக்க" என்றார், மெதுவாகத்தான். ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. கடைசித் தகட்டின் ஓரத்தைச் செல்வி விடாமல் பிடித்திருந்தாள். கை அறுபட்டுவிடும் என்று நான்தான் அவள் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

மறுநாள் கம்புகளைச் சுற்றிச் சேலை கட்டினோம். காற்று அடங்கவில்லை. தெருப் பெண்கள் முதுகைக் காட்டி வட்டமாக நின்றோம். உள்ளே அந்தப் பிள்ளை, "போதும்மா, போதும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்வி அச்சகத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அப்புறம் ஊரையே விட்டுப் போனாள். அண்ணன் அச்சகமும் இல்லை, தம்பி அச்சகமும் இல்லை. அவள் வீடிருந்த வரிசையைச் சாலைக்காக இடித்தார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்க, அவளைத் தெரிந்தவர் எங்கள் தெருவில் இப்போது என்னைத் தவிர யாருமில்லை.