இடம் மாறிய நடைபாலம்

தணிக்கைத் துறையில் எனக்கு வேலை கிடைத்தபோது அது என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேதாரண்யத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரு படகில் பங்கு. அம்மா மீன்கூடையோடு உப்பளங்களைத் தாண்டி உள்பக்க ஊர்களுக்குப் போய் விற்று வருவாள். டீச்சர் வேலை, நர்ஸ் வேலை என்றால் அவர்களுக்கு விளங்கியிருக்கும். தேர்வு எழுதியவளுக்கே முழுதாக விளங்கியிருக்கவில்லை என்பதுதான் உண்மை.

அப்பா கிழிந்த வலையைக் கால் விரலில் மாட்டிப் பின்னிக்கொண்டே கேட்டார்.

"ஆடிட்டுன்னா என்னாம்மா?"

"சர்க்கார் செஞ்சதாச் சொல்ற வேலையெல்லாம் நெசமாவே செஞ்சிருக்காங்களான்னு போயிப் பாக்குறதுப்பா."

"அதுக்குச் சம்பளம் யாரு குடுப்பா?"

"சர்க்காருதான்."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தன்னையே வேவு பாக்கச் சம்பளம் குடுக்குதா? நல்ல சர்க்காருதான்" என்று சிரித்தார். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் பெண்கள் நாங்கள் இருவர். இன்னொருத்தி திருக்காட்டுப்பள்ளிக்காரி. காவிரிக்கரையில் நெல் விளைவிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. அவளுக்குக் கடல் என்றால் பயம். எனக்குச் சேறு என்றால் கூச்சம். மற்றபடி எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம்.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோப்புகளை இனித் தமிழில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பழைய ஆட்கள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். கணக்கில் தப்பு கண்டால் எழுதும் 'தணிக்கைத் தடை' என்ற சொல்லை முதன்முதலாக எழுதியபோது, ஆற்றுக்குக் குறுக்கே எதையோ போடுவதுபோல எனக்குத் தோன்றியது. மதிய வெயிலில், மின்விசிறி மெல்லச் சுற்றும் அந்தக் கூடத்தில், வாய்க்கால்களும் மதகுகளும் கிணறுகளும் பள்ளிக்கூடச் சுவர்களும் காகிதங்களில் வரிசையாக வரும். பார்த்தேயிராத ஊர்கள். பெயரைப் படித்ததும் அந்த ஊர் மனசுக்குள் எழும்பிவிடும். கிணற்றைச் சுற்றி மரம் வைப்பேன், பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடுவேன். தலையைத் தூக்கினால் எதிரே என் தோழி நீலப் பென்சிலைக் கன்னத்தில் வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். அவளும் அப்படி ஏதோ ஓர் ஊரில்தான் இருந்திருப்பாள்.

இரண்டாம் வருஷம் புரட்டாசியில் திருவாரூருக்குக் கிழக்கே ஓர் ஊராட்சி ஒன்றியத்தைத் தணிக்கை செய்யப் போனோம். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் சண்டையாக இருந்த காலம் அது. வரப்புகளில் செங்கொடி பறக்கும். புளியமரத்தடியில் போலீஸ் வேன் நிற்கும். ஒன்றியத்து ஓவர்சியர் கட்டிய வேலைகளை நேரில் பார்த்துவர வேண்டும். அதில் ஒன்று, வடிகால் வாய்க்காலின் மேல் ஒரு நடைபாலம். மிராசுதாரரின் நெற்களத்தை ஒட்டிக் கட்டப்பட்டதாகக் காகிதம் சொன்னது. அது கட்டப்படவேயில்லை என்று ஒரு மனுவும் வந்திருந்தது.

எங்கள் மேலதிகாரி அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு வயிறு சரியில்லம்மா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுங்க. பொம்பளப் புள்ளைங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பஸ் எங்களை ஒரு மதகடியில் இறக்கிவிட்டுப் போயிற்று. சம்பா நடவு நேரம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்களில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. வானம் முழுவதும் கீழே இருந்தது. மேகங்கள் எங்கள் காலடியில் நகர்ந்தன. நடுவே வரப்பு மட்டும் மெல்லிய கோடாகப் போயிற்று. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தபோது, நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியவில்லை. தோழி முன்னால் போனாள். அவள் சேலைக் கரையின் சிவப்பு தண்ணீரில் அவளோடு சேர்ந்து போயிற்று. பேசினால் எல்லாம் கலைந்துவிடும்போல இருந்தது.

மிராசுதாரர் எங்களை நன்றாகவே வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார், காபி வந்தது. அலுவலுக்கு வந்த இடத்தில் எதுவும் குடிப்பதில்லை என்று தோழி மெதுவாகச் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீங்களே பாருங்கம்மா. பாலம் எங்க இருக்கு? அந்த ஓவர்சியர் தின்னு ஏப்பம் விட்டுட்டான்."

களத்தை ஒட்டி வாய்க்கால் ஓடியது. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. ஒரு மீன்கொத்தி சட்டென்று இறங்கி ஏறியது. பாலம் இல்லை. அடிக்கல் இருந்த தடம்கூட இல்லை. இல்லாத ஒன்றை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் பாலத்துக்கு மனசுக்குள் கைப்பிடிச்சுவர்கூட வைத்திருந்தேன். அந்த வெறும் தண்ணீரைப் பார்த்தபோது, யாரோ என் கண் முன்னால் அதைத் துடைத்துவிட்டதுபோல இருந்தது.

திரும்பி வரும் வழியில் நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள்.

"டீச்சரம்மா, பள்ளிக்கூடம் அந்தாண்டை இருக்கு."

"நாங்க டீச்சர் இல்லைங்க. பாலத்தப் பாக்க வந்தோம்."

வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு தண்ணீரின் மேல் வயல் கடைசி வரைக்கும் போயிற்று.

"பாலத்தப் பாக்க வந்தவங்க அங்க எதுக்குப் போனீங்க? பாலம் எங்க தெருவுல இருக்கு. வாங்க."

அவள் நாற்றுமுடியைப் போட்டுவிட்டுக் கரையேறினாள். வாய்க்கால் ஓரமாகவே கிழக்கே நடந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் விவசாயத் தொழிலாளர்களின் குடிசைகள் தெரிந்தன. அங்கே இருந்தது பாலம். இரண்டு கரையிலும் செங்கல் கட்டி, மேலே காங்கிரீட் பலகை போட்டு, ஒரு மாட்டுவண்டி போகாது, ஆனால் ஒரு மாடு தாராளமாகப் போகும் அகலத்தில். அதன் நடுவில் ஓர் ஆடு நின்று எங்களைப் பார்த்தது. சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

குடிசைக்குள் போய்த் தன் குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அவள் சொன்னாள்:

"முன்னால இங்க பனந்துண்டு கெடந்துச்சும்மா. போன வருசம் கூலி கேட்டு நாங்க வேலைக்குப் போகலை. அதுக்குப் பண்ணை ஆளுங்க துண்ட எடுத்துப் போட்டுட்டாங்க. மழை நேரம். ரோட்டுக்குப் போக வழி இல்ல. அப்பப் பாத்து ஒரு பொம்பளைக்கு வலி கண்டுருச்சு. கட்டில்ல போட்டுக் கழுத்தளவுத் தண்ணியில தூக்கிட்டு வந்தாங்க. அக்கரையில ஓவர்சியர் ஐயா சைக்கிளோட நின்னுக்கிட்டிருந்தாரு. சைக்கிளப் போட்டுட்டு அவரும் எறங்கிக் கட்டில் கால் ஒண்ணப் புடிச்சாரு."

"அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"நாந்தாம்மா அது. இவந்தான் அன்னிக்குப் பொறந்தவன்."

குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது.

அடுத்து வந்த கோடையில் பாலத்துக்கு அனுமதி வந்தபோது இடம் களத்தருகே என்றுதான் இருந்தது. ஓவர்சியர் செங்கல் வண்டியை நேரே இந்தத் தெருவுக்கு ஓட்டி வரச் சொல்லிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. தெருக்காரர்கள் கூடவே நின்று மண் சுமந்தார்கள்.

பஸ்ஸுக்காக மதகடியில் காத்திருந்தபோது எங்களுக்குள் சண்டை வந்தது.

"பாலம் இருக்குன்னு எழுதுவோம். அது நெசந்தானே. எங்க இருக்குன்னு எதுக்குடி எழுதணும்?" என்றாள் தோழி.

"எழுதலைன்னா களத்துல பாலம் இல்லைன்னு நாளைக்கே இன்னொரு மனு வரும். நம்ம பேச்ச அப்புறம் யாரு நம்புவா?"

"அந்த மனுசன் வேலை போயிரும்."

வானம் கறுத்து, வயல்களும் கூடவே கறுத்தன. பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஒன்றிய அலுவலகத் தாழ்வாரத்தில் ஓவர்சியரைப் பார்த்தேன். ஒல்லியான, காதருகே நரைத்த மனிதர். எங்களிடம் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்து நான் மிகவும் கலங்கிப்போயிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார்."

"நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார், கண்களில் ஒரு மினுக்கத்துடன். "எடத்த மாத்துனது தப்புதான். எழுதுங்க. பாலம் இருக்குன்னும் எழுதிடுங்க."

பார்த்ததையெல்லாம் எழுதினேன். சொன்ன இடத்தில் பாலம் இல்லை, வேறிடத்தில் உள்ளது, உறுதியாக உள்ளது, தெருவார் நாளும் பயன்படுத்துகின்றனர், மழைக்காலத்தில் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. மேலதிகாரி கடைசி மூன்றையும் அடித்தார்.

"இதெல்லாம் நம்ம வேலை இல்லம்மா. தப்பு என்னவோ அத மட்டும் சொன்னாப் போதும்."

அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை நான். அன்று பேசிவிட்டேன்.

"இல்லாததப் பாத்தா எழுதறோம் சார். இருக்கறதப் பாத்தா எழுதக் கூடாதா?"

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு அடித்ததற்குப் பக்கத்திலேயே தன் கையால் அவற்றைத் திரும்ப எழுதினார். அவர் அப்படிச் செய்தது ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒருவேளை அன்றைக்கு வயிறு நன்றாக இருந்திருக்கலாம்.

ஓவர்சியரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். செய்தி வந்த நாள் முதல் தோழி என்னோடு பேசவில்லை. ஒரே அறையில் படுத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே வழியில் நடந்து, பேசாமலிருந்தோம். பெரிய கோயில் பக்கம் தனியாக நடந்துவிட்டு வருவேன். நான் செய்தது சரிதான் என்று புல்வெளியில் உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பேன். சரிதான். ஆனாலும் அந்த மனிதர் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுக்கொள்வேன். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் எனக்குள் கிடந்தன.

கார்த்திகையில் புயல் அடித்தது. தண்ணீர் வடிந்ததும் சேதம் பார்க்க அதே ஒன்றியத்துக்கு எங்களை அனுப்பினார்கள். வயல்கள் மறுபடியும் கண்ணாடியாகக் கிடந்தன, இந்தத் தடவை நாற்றில்லாமல். தெருவில் குடிசைகள் சரிந்திருந்தன. மனிதர்கள் இருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற எல்லோரும் பாலத்தைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். பண்ணையின் மாடுகளைக்கூட அந்த வழியாகத்தான் ஓட்டிப் போனார்களாம். களத்தருகே கரை உடைந்துபோயிருந்தது.

தோழி பாலத்தின் நடுவில் போய் நின்றாள். பிறகு திரும்பாமலே, "இங்க இருக்குன்னு நீ எழுதுனதுனாலதான் இது யாரும் இடிக்க முடியாத பாலமா நிக்குது" என்றாள். வாரக்கணக்கில் நான் கேட்காத குரல். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாளா, முகத்தில் தண்ணீரின் வெளிச்சம் ஆடியதா என்று தெரியவில்லை.

தை பிறந்ததும் இட மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் ஒன்றியக் கூட்டத்துக்கு வந்தது. உறுப்பினர்களில் எதிர்க்கக்கூடியவர் மிராசுதாரர் ஒருவர்தான். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னான். தீர்மானம் நிறைவேறியது. அவருக்கு உண்மையிலேயே காய்ச்சலா என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஓவர்சியருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் வறண்ட சீமைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகுமுன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து வாசலில் நின்றார். "ஆடிட்டுக்காரங்க ஒண்ணும் வாங்க மாட்டீங்களே. அதான் கைய வீசிக்கிட்டு வந்தேன்" என்றார். "அங்க வாய்க்காலே இல்லையாம்மா. பாலம் கட்டச் சொன்னா எங்க கட்டறதுன்னு தெரியல." மூவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு தோழி பெரிய தேர்வெழுதிச் சென்னைக்குப் போனாள். நான் இந்தப் பக்கமே இருந்துகொண்டேன். நடந்து முடிந்ததைப் போய்ப் பார்ப்பதைவிட, நடக்கப்போவதை முன்கூட்டிப் பார்க்கும் வேலையில் எனக்கு ஆசை விழுந்துவிட்டது. அப்போது அதற்கென்று தனி இருக்கை கிடையாது, பெயரும் கிடையாது. பிறகு இடர் மேலாண்மை என்று ஒரு பெயர் வந்தது. படிப்பும் பயிற்சியும் பதவிகளும் வந்தன. நான் மழைக்கு முன்னால் கரையோர ஊர்களுக்குப் போய், புயல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுத் திரிந்தேன்.

ஒரு தடவை வேதாரண்யத்துப் பக்கம் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றைப் பார்க்கப் போனேன். உப்புப் பாத்திகள் வெள்ளையாய் மின்னின. எது உப்பு, எது வானம் என்று பிரித்தறிய முடியாத நடுப்பகல். கட்டடம் காகிதத்தில் இருந்தபடியே இருந்தது. சுவர் உறுதி, கூரை உறுதி, கதவில் பெரிய பூட்டு.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்றேன்.

கூட வந்தவர் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அவர் நாகப்பட்டினத்தில் குடியிருக்கிறாராம்.

மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "புயல் வந்தா அவருக்குச் சொல்லி அனுப்பி, அவரு பஸ் புடிச்சு வந்து தொறப்பாரும்மா" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த மாதமே கட்டடத்துக்கு மிக அருகில் இருந்த அவள் வீட்டுக்குச் சாவி போய்ச் சேர்ந்தது. கொடுத்த அன்று அதை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு மீன் வாடை அடித்த முந்தானையில் முடிந்துகொண்டு, காயும் மீன்களைத் திருப்பிப் போடப் போனாள். காற்று கடலிலிருந்து மெல்ல வீசிக்கொண்டிருந்தது.