ஆறடி போதும்

என் கணவர் வீடுகளுக்குள் ஜிப்சம் போர்டில் தடுப்புச் சுவர் அடிப்பவர். அளவெடுத்து, எத்தனை போர்டு, எத்தனை இரும்புச் சட்டம், எத்தனை பெட்டி ஸ்குரூ என்று கணக்குப் போடுவது நான். கணக்கில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கொள்ளியை வைக்க.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் பழைய மாடி வீடொன்றை வாங்கியிருந்தார். வேலையாட்களைத் தங்கவைக்க, மேல் ஹாலை எட்டு அறைகளாகத் தடுக்க வேண்டுமாம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நான் அளவெடுக்கப் போனேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் கடைக்காரர் தன் கடையிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆள் நல்ல நெட்டை. நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தார். அந்த எட்டில் ஓர் அறை அவருக்கு.

"ஒரு ரூம் எவ்வளவு நீளம் வைக்கலாம் அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

போர்டு நாலடி அகலம். ஆறடிச் சுவருக்கு ஒரு முழுப் போர்டும் ஒரு பாதியும் போதும், மறுபாதி அடுத்த சுவருக்கு ஆகிவிடும். ஆறரை என்றால் ஒவ்வொரு சுவரிலும் துண்டு வீண். இதையெல்லாம் யாரும் கேட்காமலே விளக்கிவிட்டு, "ஆறடி வைங்க பாஸ், வேஸ்டேஜே இருக்காது" என்றேன். அப்படி ஒரு பெருமை எனக்கு!

"டேய், படுத்துக் காட்டு."

சிமெண்டுத் தூசியில் அவர் மல்லாந்து படுத்தார். தலை சுவரோடு ஒட்டியிருந்தது. ஆறடியில் நான் சாக்பீஸால் கோடு கிழித்தேன். பாதம் இரண்டும் கோட்டைத் தாண்டிக் கிடந்தன.

"காலை மடக்குடா. ம்... பாத்தீங்களா, பத்துது லா! மனுசனுக்குக் கடைசியில ஆறடிதானே?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். கீழே கிடந்தவரும் சிரித்தார், பாவம், வேறென்ன செய்வார்?

கடைக்காரர் போன் பேச வெளியே போனதும் அவர் என் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, அரையடி சேத்துப் போடச் சொல்லுங்கக்கா. நாளெல்லாம் நின்னே கெடக்கேன். படுக்கும்போது முட்டிய நீட்டலைன்னா மறுநாள் நடக்க முடியல. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க."

"சரி, பாத்துக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி கணக்குப் போட்டேன். எட்டு அறைக்கும் சேர்த்து ஏழு போர்டுதான் கூடியது. ஏழு போர்டெல்லாம் ஒரு பொருட்டா? கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"பாஸ், ஆறரை அடி வச்சிடலாமா?"

"நீங்கதானே ஆறடின்னீங்க? அளவு தப்பா எடுத்துட்டீங்களா?"

தப்பா? நானா? இத்தனை வருஷத்தில் என் அளவை ஒருவர் குறை சொன்னதில்லை. சுருக்கென்று வந்துவிட்டது கோபம். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"என் அளவுல தப்பு வராது பாஸ். அந்த நெட்டையாளுதான் கால் நீட்ட முடியாதுன்னு கேட்டாரு."



"உங்ககிட்டயே கேட்டுட்டானா?" என்றார், மிகவும் அமைதியாக. "நீங்க ஆறடியே போடுங்கக்கா. ரூமை ஏன் மாத்தணும்? ஆளை மாத்திக்கிறேன். அவன் பெர்மிட்டு அடுத்த மாசம் முடியுது."

உடனே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன் என்று ஒரு பொய்யாவது. "சரி பாஸ்" என்றுதான் சொன்னேன். வேலை கைநழுவிவிடுமோ என்று பயம்.

அடுத்த மாதம் போர்டு ஏற்றிய லோரியோடு போய் இறங்கியபோது, அந்தப் புதுக்கோட்டைக்காரர் வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தார். விமான நிலையத்துக்கு வண்டி வர வேண்டும் என்றார்.

"பெர்மிட்டு புதுப்பிக்கலைக்கா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னதைக் கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன். அவரு ஒத்துக்கல."

பாதி உண்மை. அதனால் துளிக்கூடக் கூசாமல் வந்தது.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"இந்த ஊர்ல எனக்காக நீங்க ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களேக்கா."