நாலு மெகாபிக்சல் போதும்

என் சித்தப்பா அரசு மருத்துவமனைப் பிணவறையில் புகைப்படம் எடுப்பவர். பேர் தெரியாமல் வரும் உடல்களைப் படம் பிடித்து வைப்பார். காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்கள் அந்தப் படங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கேமரா வாங்கப் போகும் சொந்தக்காரர்களெல்லாம் எத்தனை மெகாபிக்சல் பார்க்கலாம் என்று அவரிடம் கேட்பார்கள். "நாலு போதும். லென்ஸைப் பாரு, வெளிச்சத்தைப் பாரு. மிச்சமெல்லாம் கடைக்காரன் உன் தலையில மிளகாய் அரைக்கிற வேலை" என்பார்.

அலுவலகத்தில் இருபத்துநாலு மெகாபிக்சல் கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அதை அலமாரியில் பூட்டிவிட்டுப் பழையதையே தூக்கிக்கொண்டு திரிந்தார். பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கேட்டபோது, "அடையாளம் சொல்ல மூக்கும் மச்சமும் தெரிஞ்சா போதும் சார். மத்ததையெல்லாம் பெத்தவங்க எதுக்குப் பார்க்கணும்?" என்றாராம்.

போன வருடம் அவர் மகன் வெளியூர்ச் சாலையில் லாரி மோதி இறந்தான். அந்த ஊர்ப் பிணவறையில் படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். சட்டைக் காலரைப் பார்த்ததுமே சித்தப்பா தலையாட்டிவிட்டார். அங்கிருந்த ஊழியன் விடவில்லை. "நல்ல கேமரா ஐயா. எவ்வளவு பெரிசு பண்ணாலும் மங்காது, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்று முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான், பாவி.

சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி இப்போது மேஜை இழுப்பறையிலேயே கிடக்கிறது. வேலைக்கும் அது இல்லாமல்தான் போகிறார். போட்டுக்கொள்ளச் சொல்லி சித்தி கெஞ்சினால், "பார்த்தவரைக்கும் போதும்" என்கிறார்.