ஏழு மாதம் என் பைக்குள் கிடந்த கடிதம்

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் அறையில் ஒளிந்திருந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கிழமைக்கு ஒருமுறை மரக்கறி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். எனக்கு ஜான்-டலோன் சந்தையில் வேலை. அவருடைய அகதி வழக்குத் தோற்று, நாடுகடத்தும் உத்தரவு வந்திருந்தது. பொலிஸுக்குப் பயந்து தெருவில் இறங்கமாட்டார். வக்கீலின் கடிதங்கள்கூட என் விலாசத்துக்குத்தான் வரும். ஊர்க்காரன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் விசர்ச் சனம் நாங்கள்.

முதலில் நானும் இரக்கப்பட்டுத்தான் போனேன். ஒருநாள் சோற்றைக் குழைத்தபடி, தான் முன்பு காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு ஏற்றிய கதையை எடுத்தார்.

"மொஸ்கோவில ஒரு கொன்னைப் பெடியன். வெளியில பொலிஸ் நிக்குது, அசையாதை, போயிட்டு வாறன் எண்டு சொல்லி அறைக்குள்ள விட்டிட்டு வந்தனான். பேந்து ஆர் அங்க போறது?"

அந்தப் பெடியன் திக்கிப் பேசுவதை நடித்தும் காட்டினார்.

அவன் என் தம்பி; அவன் எங்களுக்குச் சொன்ன அதே கதை. திரைச்சீலையைக்கூட விலக்காமல் ஏழு மாதம் அந்த அறையில் கிடந்தான். பக்கத்து அறைக்காரி கொடுத்த பாணைத் தின்றுதான் உயிர் தப்பினான். வாறன் என்று சொல்லிப் போனவர் வராமல் விடுவாரா என்று நம்பியிருக்கிறான், பாவி. கடைசியில் பிடிபட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டான். இன்றும் அறைக் கதவைச் சாத்தினால் கத்துவான். கத்தரிக்காயை வைத்துவிட்டு, வழமைபோலப் போயிட்டு வாறன் அண்ணை என்று சொல்லி வந்தேன்.

ஐப்பசியில் வக்கீலின் கடிதம் வந்தது. உத்தரவு நீக்கப்பட்டுவிட்டது, இனி ஒளிய வேண்டியதில்லை என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. அதை மடித்து என் ஜாக்கெட் பைக்குள் வைத்தேன். கிட, நீயும் ஏழு மாதம் கிட.

"வக்கீல் ஏதும் எழுதினவரோ, தம்பி?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பார்.

"இல்லை அண்ணை."

பனி கொட்டி அவருடைய ஒற்றை ஜன்னலும் மூடிக்கொண்டது. ஆள் வெளிறிப் போனார். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நன்றாக நித்திரை கொண்டேன்.

வைகாசியில் ஒரு பின்னேரம் இருவரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். பிலிப்பைன்ஸ் மலையில் இரண்டு ஜப்பானியச் சிப்பாய்கள், இரண்டாம் உலகப் போர் முடிந்து அறுபது வருடமாகியும் ஒளிந்திருக்கிறார்களாம். உண்மையா என்று செய்தி சொன்னவருக்கே நிச்சயமில்லை. ஆனால் முன்பு ஒருவன் முப்பது வருடமளவில் அப்படிக் காட்டில் கிடந்தது உண்மையாம். போர் முடிந்தது என்று விமானத்திலிருந்து போட்ட துண்டுப்பிரசுரங்களை நம்பாதவன், பழைய அதிகாரி நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தானாம்.

அவர் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மோட்டுச் சனம். இந்த ரெண்டு பேருக்கும் சண்டை முடிஞ்சுதெண்டு ஒருத்தரும் போய்ச் சொல்லேல்லையோ?"

"சொல்ல வேண்டியவன் வேணுமெண்டு சொல்லாமல் விட்டிருப்பான், அண்ணை."

கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மெல்ல மெல்ல வாசித்தார். பிறகு திகதியில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"ஏழு மாதம்," என்றார்.

"ஓம். மொஸ்கோவில நீங்கள் விட்டிட்டு வந்த கொன்னையன் என்ரை தம்பி. அவனும் ஏழு மாதம்தான் இருந்தவன்."

எழுந்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதவுக்கு நடந்தேன்.

"தம்பி, சொல்லாமல் போறீரோ?"

செத்த வீட்டிலிருந்துதான் எங்கள் ஆட்கள் அப்படி, போயிட்டு வாறன் என்று சொல்லாமல் எழும்பிப் போவார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்தினேன்.