போர்ச்சுல நாலடி பத்தல

அப்பாவோட பழைய பிக்கப்பை விட வேற இடம் இல்ல. பிரிக்பீல்ட்ஸ்ல அது இத்தன வருஷமா நின்ன பட்டறைய இடிக்கிறாங்க, அடுக்குமாடிக் கொண்டோ வருதாம். அந்தக் காலத்துல கல்யாண வீடுகளுக்குக் கூடாரம், நாற்காலி எல்லாம் அப்பா அதுலதான் ஏத்திட்டுப் போவாரு. இப்ப அதுக்கு ரோட் டேக்ஸ் கெடையாது, தெருவுல விட்டா இழுத்துட்டுப் போயிருவாங்க. "நம்ம போர்ச்சுல நிக்குமா, அளந்து பாரும்மா"ன்னாரு.

இண்டர்நெட்ல தேடினேன். அந்த மாடலோட நீளத்த மில்லிமீட்டர்ல போட்டிருந்தான். அடிக்கு மாத்தினா பதினாலு. டேப்ப வச்சு வாசல்ல கார் விடுற போர்ச்ச அளந்தா பத்துதான் வருது. பின்ன வராம? பாதி போர்ச்ச அடைச்சுதானே அப்பாவுக்கு ரூம் கட்டினோம். முட்டி போனப்புறம்தான் எங்ககூட வந்தாரு, அவரால மாடிப்படி ஏற முடியாது. எங்க கிள்ளான் தாமான் குடியிருப்புல வயசானவங்க இருக்குற வீட்ல எல்லாம் இதான் வழக்கம், கார் தெருவுக்குப் போயிரும்.

"நாலடி பத்தலப்பா. பேசாம வித்துரலாம்"னேன்.

"சரிம்மா"ன்னாரு. அதோட டிவி பாக்க ஆரம்பிச்சுட்டாரு.

மறுநாள் வேலை முடிஞ்சு வந்தா வாசல் பூரா சிமெண்ட் தூசி. அப்பா ரூமுக்கு முன் சுவரே இல்ல! அந்த ரூமக் கட்டித் தந்த கொண்ட்ராக்டர் அண்ணனே கையில சுத்தியலோட நிக்கிறாரு. கட்டில் வெளிய கெடக்கு, மெத்தை மேல செங்கல் தூள். அப்பா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, "அந்தப் பக்கமும் எடுங்க"ன்னு ஏவிட்டு இருக்காரு.

"நிறுத்துங்கண்ணே! யாரு ஒடைக்கச் சொன்னது?"

"அங்கிள்தான் லா கூப்பிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாரே."

நான் அப்பா பக்கம் திரும்பினேன். "பைத்தியமாப்பா உங்களுக்கு? எங்க படுப்பீங்க?"

"மாடியில."

"எப்படி ஏறுவீங்க?"

"என்னைய ரெண்டு பேரு தூக்கலாம். வண்டிய எப்படிம்மா தூக்குறது?"

"ஏத்திருவோம், சரி. அப்புறம் எறங்கவே முடியாதே, அத யோசிச்சீங்களா?"

"எறங்கி நான் எங்க போகப் போறேன்? ஜன்னல்கிட்ட கட்டிலப் போட்டுரு. படுத்துக்கிட்டே வண்டியப் பாத்துக்குவேன்."

எங்க மாடி ஜன்னல்லேருந்து பாத்தா போர்ச்சோட தகரக் கூரைதான் தெரியும், கீழ நிக்குற வண்டி தெரியாது. இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து ஒருநாள்கூட மாடி ஏறாத மனுசன், அவருக்கு அது எப்படித் தெரியும்?

"மிச்சத்தையும் ஒடைக்கவா, வேணாமா?"ன்னு கேக்குறாரு கொண்ட்ராக்டர். அப்பா என் மூஞ்சியவே பாக்குறாரு.